மீள்வரவும் தற்செயலும்: புரதத் தொடர்களைக் கணித்தறியும் முறைகளின் வரலாறு

செய்யுளொன்றிலே ஒரே எழுத்துத்தொடர் மீண்டும் வருமாயின் அதனை மடக்கு என அணியிலக்கணம் கூறும். ஏட்டுச் சுவடியொன்றிலே ஒரே வரி இருமுறை வருமாயின் அதனைப் பெயர்த்தெழுதியவரின் கவனப் பிசகு எனப் பதிப்பாசிரியர் கூறுவர். கண்ணுக்குப் புலப்படுவது இரண்டிடத்தும் ஒன்றே, காரணம் வேறு. முன்னையது அமைப்பின் தேவையால் வந்தது; பின்னையது படியெடுத்தலின் வரலாற்றால் வந்தது. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவதொரு வகையும் உண்டு. நீண்டதொரு நூலிலே சிற்சில எழுத்துச் சேர்க்கைகள் எவ்விதக் காரணமுமின்றித் தற்செயலாகவே மீண்டும் வருதல் கூடும். இம்மூன்றையும் பிரித்தறிதல் நூலாராய்ச்சியாளரின் கடமைகளுள் ஒன்றாகும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் உயிர் இரசாயனவியலாளரும் இதே கடமையை எதிர்கொள்ள நேர்ந்தது. புரதம் என்பது இருபது வகை அமினோவமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. இருபது எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு வாசகமாக அதனைக் கருதலாம். அவ்வாசகத்தின் ஒரு பகுதி பிறிதொரு பகுதியை ஒத்திருக்குமாயின் அவ்வொப்புமை எதனாற் பிறந்தது என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை காண்பதற்காகக் கணனியின் துணையோடு உருவாக்கப்பட்ட முறைகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. அவ்வரலாற்றை நோக்குமிடத்து, கணனி ஆய்வாளருக்கு முதன்முதலில் அளித்தது கூரிய பார்வையை அன்று, கண்டதை ஐயுறுவதற்கு வேண்டிய அளவுகோலையே என்பது புலனாகும்.

கணனிக்கு முன்னர்

புரதமொன்றின் முழுத் தொடரும் அறியப்படுவதற்கு முன்னரே சில புரதங்கள் மீள்வரும் அமைப்புடையன என்பது தெரிந்திருந்தது. பட்டுநூலின் பைபுரோயின் என்னும் புரதத்திலே கிளைசின், அலனின், செரின் ஆகிய மூன்றும் மிகுந்து காணப்பட்டன. அதன் நீண்ட பகுதிகளிலே கிளைசின் ஒன்றுவிட்டோர் இடத்தில் வருகின்றது. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றிற்கு வலிமை தருவதாகிய கொலாஜன் என்னும் புரதத்திலோ மூன்றிலொரு பங்கு கிளைசினாகவே இருந்தது.

இம்மூன்றிலொரு பங்கிற்குரிய காரணத்தை விளக்கியதிற் சென்னைக்குச் சிறப்பான பங்குண்டு. 1952 ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத்துறைக்கு வந்த கோ. நா. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வாற்றசைநாணிலிருந்து பெற்ற எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவிய முச்சுருளி என்னும் கருத்தை 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடு அச்சிலே மிகச் சிறிய பக்கக்கூட்டத்தை உடைய கிளைசின் ஒன்றுக்கே இடமுண்டு. ஆதலின் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வருதல் வேண்டும். ஈண்டு மீள்வரவு அமைப்பின் தேவையாற் பிறந்தது என்பது தெளிவு.

மற்றொரு வகை மீள்வரவு 1962 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மனிதக் குருதியிலுள்ள ஹப்ரோகுளோபின் என்னும் புரதத்தை ஆராய்ந்த ஒலிவர் சிமிதீஸ், கொனெல், டிக்சன் ஆகியோர், சிலரிடத்துக் காணப்படும் அதன் சங்கிலியொன்று பிறரிடத்துக் காணப்படுவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு நீளமுடையது எனக் கண்டனர். பரம்பரையலகின் ஒரு பகுதி இரட்டித்து, ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தமையே இதற்குக் காரணம் என அவர்கள் விளக்கினர். பெயர்த்தெழுதுவோன் ஒரே வரியை இருமுறை எழுதிய செய்கையை இது ஒத்தது. இந்த இரட்டிப்பு அண்மைக் காலத்தில் நிகழ்ந்ததாகலின் இரு படிகளும் பெரிதும் மாறாதிருந்தன. அதனால் அதனைக் காண்பது எளிதாயிற்று. ஆயின் இரட்டிப்பு நிகழ்ந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்திருப்பின், எழுத்துகள் ஒவ்வொன்றாக மாறி, இரு படிகளும் தம்முள் வேறுபட்டுப் போயிருக்கும். அத்தகைய தேய்ந்த சுவடுகளைக் கண்டறிவது எங்ஙனம் என்பதே பின்வந்தோர் எதிர்கொண்ட சிக்கலாகும்.

டேஹொவ் அம்மையாரும் பெரடொட்சினும்

பிரெட்றிக் சாங்கர் 51 அமினோவமிலங்களைக் கொண்ட இன்சுலினின் தொடரைக் கண்டறிந்து 1958 இல் நோபல் பரிசு பெற்றார். அதன்பின் பிற புரதங்களின் தொடர்களும் மெல்ல மெல்ல வெளிவரலாயின. அவற்றைத் திரட்டி ஒரு நூலாக்கும் பணியை மேற்கொண்டவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மார்கரெட் டேஹொவ் அம்மையார் ஆவர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே துளையட்டைப் பொறிகளைக் கொண்டு மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணித்து 1948 இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். தேசிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்திலே றொபேட் லெட்லியுடன் இணைந்து, புரதத் துண்டுகளை ஒன்றுசேர்த்து முழுத் தொடரைக் காண உதவும் கணனிச் செய்நிரலொன்றை 1962 இல் அவர் வெளியிட்டார், அது ஐ.பி.எம். 7090 என்னும் கணனிக்கென எழுதப்பட்டது. 1965 இல் வெளியான அவரது புரதத் தொடர்த் தொகுதியின் முதற் பதிப்பில் 65 தொடர்கள் இடம்பெற்றன. அமினோவமிலம் ஒவ்வொன்றையும் ஓரெழுத்தாற் குறிக்கும் வழக்கத்தை நிலைநாட்டியவரும் அவரே. துளையட்டையில் இடத்தைச் சுருக்குவதற்காகத் தோன்றிய அவ்வழக்கம் புரதத்தை ஒரு வாசகமாக நோக்கும் மனப்பாங்கையும் உடன் வளர்த்தது.

1966 ஆம் ஆண்டிலே றிச்சாட் எக் என்பாருடன் இணைந்து டேஹொவ் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்று. பற்றீரியாவொன்றிலிருந்து பெறப்பட்ட பெரடொட்சின் என்னும் சிறு புரதத்தை அவர்கள் எடுத்துக்கொண்டனர். இரும்பையும் கந்தகத்தையும் தாங்கி இலத்திரன்களைக் கடத்தும் இப்புரதம் 55 அமினோவமிலங்களே கொண்டது. அதன் சிஸ்தீன்கள் எட்டும் 8, 11, 14, 18 ஆகிய இடங்களிலும், 37, 40, 43, 47 ஆகிய இடங்களிலும் அமைந்துள்ளன. முதல் நான்கோடும் 29 ஐக் கூட்டினால் பின்னான்கும் கிடைக்கும். தொடரை 29 இடங்கள் நகர்த்தித் தன்னோடு தானே ஒப்பிட்டால், ஒப்பிடத்தக்க 26 இடங்களிலே 12 இடங்களில் ஒரே அமினோவமிலம் வருவதைக் காணலாம். பழமையானதொரு குறும்புரதம் இரட்டித்தே பெரடொட்சின் தோன்றியது என எக்கும் டேஹொவும் முடிவு செய்தனர்.

இம்முடிபு தற்செயலால் விளைந்த மயக்கமன்று என எங்ஙனம் துணியலாம்? இருபது எழுத்துகளும் சமமாக வருவனவாயின், 26 இடங்களில் தற்செயலாக ஒத்துவரக்கூடியவை 1.3 மட்டுமே. ஆயின் பெரடொட்சினில் எழுத்துகள் சமமாக வரவில்லை. சிஸ்தீனும் அலனினும் தனித்தனி எட்டுமுறை வருகின்றன. இச்சமமின்மையைக் கணக்கிற் கொள்ளின் தற்செயல் ஒப்புமையின் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 2.4 ஆக உயர்கின்றது. அஃதாவது, சமமாக வரும் எனக் கொண்ட அளவுகோல் தற்செயலின் வலிமையைப் பாதியாகக் குறைத்து மதிப்பிடுகின்றது. 12 என்பது 2.4 இனையும் பெரிதும் விஞ்சி நிற்றலால் இரட்டிப்பு என்னும் முடிபு நிலைத்தது. 1973 இலே இப்புரத வகையின் முப்பரிமாண அமைப்பை அட்மன், சீக்கர், ஜென்சன் ஆகியோர் வெளியிட்டபோது, இரு பாதிகளும் அமைப்பிலும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. இரும்பு-கந்தகத் தொகுதிகள் இரண்டனுள் ஒவ்வொன்றும் ஒரு பாதியிலிருந்து மூன்று சிஸ்தீன்களையும் மறு பாதியிலிருந்து ஒன்றையும் பெற்றிருந்தது.

எனினும் அதே கட்டுரை இன்னுமொரு படி மேற்சென்றது. இரட்டித்த அவ்வரைப் பகுதியும் அலனின், அஸ்பாட்டிக் அமிலம், செரின், கிளைசின் என்னும் நான்கின் அடுக்கிலிருந்தே தோன்றியிருக்கலாம் என ஆசிரியர் கருதினர். கருத்து கவர்ச்சியுடையதே, ஆயின் நான்கெழுத்து அடுக்கின் சுவடு இன்றைய தொடரிலே மிகவும் தேய்ந்து போயுள்ளமையால், அதனைத் தற்செயலிலிருந்து பிரித்துக் காட்டுவதற்குப் போதிய எழுத்துகள் அதில் இல்லை. ஒரே கட்டுரையில் இடம்பெற்ற இரு மீள்வரவுகளுள் ஒன்று அளவையால் நிறுவப்பட்டது. மற்றையது ஊகமாகவே நின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையை வரையறுப்பதே அடுத்த இருபது ஆண்டுகளின் வேலையாயிற்று.

தற்செயலை அளத்தல்

வோல்டர் பிட்ச் 1966 இலே வகுத்த முறை அவ்வழியிற் சென்ற ஆரம்ப முயற்சிகளுள் ஒன்று. ஒரு தொடரிலிருந்து குறித்த நீளமுடைய துண்டுகளையெல்லாம் எடுத்து, அவற்றை மற்றைய துண்டுகள் அனைத்தோடும் ஒப்பிட்டு, கிடைக்கும் ஒப்புமைகளின் பரம்பலை நோக்குவதே அம்முறையின் சாரமாகும். சிறப்பான ஒரு சோடியை மட்டும் தெரிந்தெடுத்து வியத்தலினும், சோடிகள் அனைத்தின் நடுவே அது எத்துணை அரியது என வினாவுதலே முறையாகும். கையாற் செய்யின் மாதக்கணக்கில் நீளும் இவ்வேலையைக் கணனி விரைந்து முடித்தது.

அவுஸ்திரேலியாவின் கன்பெரா நகரிற் பணியாற்றிய அட்றியன் கிப்ஸ், ஜோர்ஜ் மக்கின்ரயர் ஆகியோர் 1970 இல் வெளியிட்ட புள்ளி வரைபடம் இவ்வொப்பீட்டைக் கண்ணாற் காணத்தக்கதாக்கியது. ஒரே தொடரைக் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் எழுதி, இரண்டும் ஒத்துவரும் கட்டந்தோறும் ஒரு புள்ளி இடப்படும். தொடர் தன்னோடு தான் ஒத்திருத்தலால் மூலைவிட்டம் முழுவதும் புள்ளிகள் நிறையும். தொடரினுள்ளே மீள்வரவு இருக்குமாயின் மூலைவிட்டத்துக்குச் சமாந்தரமாக வேறு கோடுகள் தோன்றும். மூலைவிட்டத்திலிருந்து அவை நிற்கும் தூரமே மீள்கூறு ஒன்றின் நீளமாகும். எளிமையும் அழகும் ஒருங்கே வாய்ந்த முறை இது. ஆயின் 284 அமினோவமிலமுடைய ஒரு புரதத்திலே, மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கத்தில் மட்டும் 40,186 கட்டங்கள் உள்ளன. இருபதிலொன்று தற்செயலாக நிரம்பினும் ஏறத்தாழ 2,000 புள்ளிகள் படத்திற் சிதறிக் கிடக்கும். சிதறிய புள்ளிகளைக் கோடாகக் காண மனிதக் கண் எப்பொழுதும் ஆயத்தமாகவே இருக்கின்றது. ஆகவே குறித்த நீளத்துள் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒப்புமை இருந்தால் மட்டுமே புள்ளியிடுதல் என்னும் கட்டுப்பாடு வேண்டப்பட்டது.

அக்கட்டுப்பாட்டுக்கு உறுதியான கணித அடிப்படை அளித்தவர் கேம்பிறிட்ஜ் நகரிலே மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அன்றூ மக்லக்லன். 1971, 1972 ஆம் ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளில் அவர் இரு திருத்தங்களை ஒருங்கு சேர்த்தார். முதலாவது, ஒத்தல் அல்லது ஒவ்வாமை என்னும் இருமைக்குப் பதிலாக, இயல்பால் நெருங்கிய அமினோவமிலங்கள் ஒன்றுக்கொன்று ஈடாக வருதலுக்கும் மதிப்பெண் வழங்குதல். லியூசினுக்குப் பதிலாக ஐசோலியூசின் வருதல் சிறு மாற்றம். கிளைசின் வருதல் பெரு மாற்றம். இரண்டாவது, அதே அமினோவமிலங்களை அதே விகிதத்திற் கொண்டு ஒழுங்கின்றிக் கலைக்கப்பட்ட தொடர்களிலே அம்மதிப்பெண் எத்துணை அடிக்கடி கிடைக்கும் எனக் கணித்தல். 1972 ஆம் ஆண்டுக் கட்டுரை புரதங்களின் உள்ளே மீள்வரும் தொடர்களையும் பரம்பரையலகு இரட்டிப்பையுமே பொருளாகக் கொண்டது. மீள்வரவைத் தேடும் ஆய்வாளர் எவரும் தம் தொடரைக் கலைத்துப் பார்த்த பின்னரே பேசுதல் வேண்டும் என்னும் நெறி இவ்வாறு வேரூன்றியது.

கண் காணாத மீள்வரவு

இதுவரை கூறியவை எழுத்துகள் மீள்வரும் நிலையைச் சார்ந்தவை. எழுத்துகள் மீள்வராது, அவற்றின் இயல்பு மட்டும் மீள்வரும் நிலையும் உண்டு. செய்யுளடிகளிலே சொற்கள் வேறுபட்டும் சீரும் தளையும் ஒத்து வருதலை இதற்கு ஒப்பிடலாம்.

தசையிலுள்ள திரொப்போமயோசின் என்னும் புரதம் அத்தகையது. இதன் 284 அமினோவமிலங்களின் தொடரைக் கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிமிலியும் அவர் குழுவினரும் 1970களின் முற்பாதியிற் கண்டறிந்தனர். இரு சுருளிகள் முறுகிய கயிறு போன்ற இம்மூலக்கூறு, அக்டின் என்னும் புரத மணிகளாலான இழையின் மேற் படிந்திருக்கின்றது. ஒரு திரொப்போமயோசினுக்கு ஏழு அக்டின்கள் என்பது அளவு. ஏழு அக்டின்களையும் ஒரே விதமாகத் தொடுவதாயின் அதன் நீளத்திலே ஏழு சமப் பகுதிகள் இருத்தல் வேண்டும். ஆயின் தொடரை எத்துணை முறை படித்தாலும் ஏழு மீள்கூறுகள் கண்ணுக்குப் புலப்படவில்லை.

மக்லக்லனும் மறே ஸ்ரூவேட்டும் தொடரை எண்களாக மாற்றினர். எதிரேற்றமுடைய அமினோவமிலம் வருமிடத்தில் ஒன்று, ஏனைய இடங்களிற் பூச்சியம். அவ்வாறே நீரை வெறுக்கும் அமினோவமிலங்களுக்கும் தனித்தனி வரிசைகள். இவ்வரிசைகளைப் பூரியர் பகுப்புக்கு உட்படுத்தினர். ஒலியலையொன்றிலே கலந்திருக்கும் சுருதிகளைப் பிரித்தறியும் கணித முறையே அது. 19⅔ அமினோவமிலங்களுக்கு ஒருமுறை ஏற்றம் மிகுந்து வரும் ஆவர்த்தனம் அப்பகுப்பிலே தெளிவாக எழுந்தது. மூலக்கூற்றின் நீளத்தில் அஃது 14 முறை நிகழ்கின்றது. இரண்டிரண்டாகக் கொள்ளின் ஏழு. அயல் மூலக்கூறுகளின் நுனிகள் ஒன்றன்மேலொன்று ஏறத்தாழ ஒன்பது அமினோவமில அளவுக்குப் படிதலையும் கணக்கிற் சேர்த்தபோது எண்கள் பொருந்தின. 1976 இல் வெளியான இவ்வாய்விலே கணனி முதன்முறையாக ஐயத்தோடு நில்லாது பார்வையையும் அளித்தது எனலாம்.

கொலாஜனிலும் இத்தகைய ஆய்வு நிகழ்ந்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டியிலே கொலாஜன் இழை 67 நனோமீற்றருக்கு ஒன்றான பட்டிகளோடு தோன்றும். ஹல்ம்ஸ், மில்லர், பரி, பீஸ், வூட்ஹெட்-கலவே ஆகியோர் 1973 இலே இரு சங்கிலிகளைக் கணனியில் ஒன்றின் பக்கத்தே ஒன்றாக நகர்த்தி, ஏற்றங்களின் ஈர்ப்பும் நீர்வெறுப்புக் கவர்ச்சியும் எப்பொழுது உச்சம் பெறுகின்றன எனக் கணித்தனர். 234 அமினோவமிலங்களுக்கு ஒருமுறை உச்சம் கிடைத்தது. முச்சுருளியில் அவ்வளவு நீளம் 67 நனோமீற்றரே. சென்னையில் அறியப்பட்ட மூன்றின் ஒழுங்குக்கு மேலாக 234 இன் ஒழுங்கொன்றும் அதே தொடரில் உறைந்திருந்தமை இதனால் வெளியாயிற்று. 1980 இற் கொலாஜனின் பரம்பரையலகு ஆராயப்பட்டபோது, அதன் பல துண்டுகள் 54 டி.என்.ஏ. எழுத்துகளைக் கொண்டிருந்தன, அஃதாவது 18 அமினோவமிலங்கள், ஆறு மும்மைகள். அமைப்பின் தேவையும் இரட்டிப்பின் வரலாறும் ஒரே புரதத்தில் உடனுறைதல் கூடும் என்பதற்கு இது சான்றாயிற்று.

தவளை முட்டையும் துத்தநாக விரலும்

கணிப்பும் பரிசோதனையும் ஒன்றையொன்று தாங்கிய சிறந்த நிகழ்ச்சி 1985 இல் அதே கேம்பிறிட்ஜ் ஆய்வுகூடத்தில் இடம்பெற்றது. ஆபிரிக்கத் தவளையொன்றின் முதிரா முட்டைக் கலங்களிலே, பரம்பரையலகொன்றைத் தொழிற்படச் செய்யும் படியெடுப்புக் காரணி மூன்று-ஏ என்னும் புரதம் மிகுதியாக உண்டு. ஆரன் குளுக்கின் வழிநடத்தலில் ஆய்வு செய்த ஜொனதன் மில்லர் இதனை நொதியத்தாற் சிறிது சிறிதாகச் சிதைத்தபோது, எஞ்சிய துண்டுகள் ஏறத்தாழ 30 அமினோவமிலங்களுக்கு ஈடான திணிவுடைய படிகளிற் குறைந்து சென்றன. புரதத்தில் 7 முதல் 11 வரையான துத்தநாக அணுக்கள் இருப்பதாகவும் அளவீடுகள் காட்டின.

இதன் தொடர் 1984 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிடப்பட்டிருந்தது. அதனை மக்லக்லனின் கணிப்பு முறைகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 30 அமினோவமிலங்களைக் கொண்ட ஒன்பது மீள்கூறுகள் அடுத்தடுத்து நிற்பது தெரிந்தது. ஒவ்வொன்றிலும் இரு சிஸ்தீன்கள், இடையே பன்னிரண்டு அமினோவமிலங்கள், பின்னர் இரு ஹிஸ்ரிடீன்கள். இந்நான்கும் ஒரு துத்தநாக அணுவைப் பற்றி நிற்க, இடைப்பட்ட பகுதி விரல்போல நீண்டு டி.என்.ஏ.யைத் தொடும் என மில்லர், மக்லக்லன், குளுக் ஆகியோர் முன்மொழிந்தனர். அவ்வாண்டிலேயே பிறவுன், சான்டர், ஆர்கொஸ் ஆகியோரும் தொடரை மட்டும் கொண்டு இம்மீள்வரவைத் தனியே சுட்டினர்.

ஒப்புமையின் அளவு, துண்டுகளின் திணிவு, உலோகத்தின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அறியாத சாட்சிகள். மூன்றும் ஒரே விடயத்தைக் கூறியமையாலேயே அம்முன்மொழிவு வலிமை பெற்றது. 1989 இலும் 1991 இலும் வெளியான அமைப்பாய்வுகள் அதனை உறுதிப்படுத்தின. பிந்திய ஆண்டிலே பவ்லெற்றிச், பாபோ ஆகியோர் வெளியிட்ட படம், ஒவ்வொரு விரலும் டி.என்.ஏ.யின் மூன்று எழுத்துச் சோடிகளைத் தொடுவதைக் காட்டியது. மனிதருடைய பரம்பரையலகுகளில் இவ்வகைப் புரதங்களுக்குரியன ஏறத்தாழ 700 என இன்று கணிக்கப்படுகின்றன. விரல்களை வேண்டியவாறு கோத்து டி.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டலாம் என்பதை 1996 இலே சந்திரசேகரனின் தலைமையிலான குழுவினர் காட்டினர்.

ஒரே புரதத்தில் இருவகை

1980களில் தொடர்களின் எண்ணிக்கை பெருகியமையால் முறைகளும் மாறின. இரு துண்டுகளை ஒப்பிடுவதினும், ஏற்கெனவே அறியப்பட்ட மீள்கூறுகள் பலவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வோரிடத்திலும் எவ்வெழுத்து எத்துணை விரும்பப்படுகின்றது என்னும் அட்டவணையை ஆக்கி, அவ்வட்டவணையைக் கொண்டு தேடுதல் கூர்மையானது. கிறிப்ஸ்கொவ், மக்லக்லன், ஐசன்பேர்க் ஆகியோர் 1987 இல் இதனை வகுத்தனர். 1994 இலே குரோக், ஹவுஸ்லர் முதலானோர் இதற்கு நிகழ்தகவுக் கொள்கை சார்ந்த புதிய வடிவம் அளித்தனர். முன்னறிந்த மீள்கூறு எதுவுமின்றித் தொடரைத் தன்னோடு தானே ஒப்பிட்டு மீள்கூற்றைக் காணும் முறைகளும் தொடர்ந்து வளர்ந்தன. ஹெரிங்காவும் ஆர்கொஸும் 1993 இல் வகுத்தது அவற்றுள் ஒன்று. முதற்கூறு இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் ஒத்திருப்பின், நேரே ஒப்புமை புலப்படாவிடினும் முதலும் மூன்றும் உறவினவே என்னும் தருக்கத்தை 2004 இல் ஸ்க்லார்சிக்கும் ஹெரிங்காவும் பயன்படுத்தினர்.

இம்முறைகளின் பயனும் இடர்ப்பாடும் ஹன்ரிங்ரன் என்னும் புரதத்திலே ஒருங்கே தோன்றின. நரம்பு மண்டலத்தைச் சிதைத்து உயிரைக் குடிக்கும் பரம்பரை நோய் ஒன்றுக்குரிய பரம்பரையலகு 1993 இற் கண்டறியப்பட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட அமினோவமிலங்களைக் கொண்ட அப்புரதத்தின் தொடக்கத்திலே குளூட்டமின் என்னும் ஒரே எழுத்து அடுக்கடுக்காக வருகின்றது. அவ்வடுக்கு 36 அல்லது அதற்கு மேற்படின் நோய் தோன்றும் நிலை உண்டாகின்றது. 40 உம் அதற்கு மேலும் ஆயின் நோய் தவறாது வரும். இவ்வடுக்கைக் காண்பதற்குக் கணனி வேண்டியதில்லை. மாறாக, இத்தகைய அடுக்குகள் எங்கணும் பொய்யொப்புமையை விளைவிப்பதால், அவற்றை ஒப்பீட்டிலிருந்து விலக்கி வைக்கும் முறையை வூட்டனும் பெடர்ஹெனும் அதே 1993 இல் வெளியிட்டனர்.

ஆயின் அப்புரதத்தின் எஞ்சிய பெரும்பகுதி யாது செய்கின்றது என்பதற்கு எத்துப்பும் இல்லாதிருந்தது. 1995 இலே ஹைடல்பேர்க் நகரிற் பணியாற்றிய அன்ட்றாடே, போர்க் ஆகியோர், ஏறத்தாழ 40 அமினோவமில நீளமுடைய, மிகவும் தேய்ந்த மீள்கூறுகள் அதில் நிரையாக இருப்பதை அட்டவணை முறையாற் கண்டனர். புரதங்களின் போக்குவரத்திலும் கலப்பிரிவிலும் பங்குகொள்ளும் வேறு சில புரதங்களிலும் அவை இருந்தன. எழுத்தளவில் அவற்றிடையே ஒப்புமை அரிதாகலின் ஐயங்கொள்வார்க்கும் இடமிருந்தது. 2018 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையாற் பெறப்பட்ட முப்பரிமாண அமைப்பு, சுருளிச் சோடிகள் வளைந்த நிரையாக அடுக்கப்பட்டிருத்தலைக் காட்டி அக்கணிப்பை மெய்ப்பித்தது. கண்ணுக்கு வெளிப்படையான மீள்வரவு நோயைக் குறித்தது. கணக்கால் மட்டும் அறியப்பட்ட மீள்வரவு புரதத்தின் வடிவைக் குறித்தது.

மீள்வராத எழுத்தின் பொருள்

1999 ஆம் ஆண்டிலே மார்க்கோட், பெலகிறீனி, யேற்ஸ், ஐசன்பேர்க் ஆகியோர் அன்று அறியப்பட்டிருந்த தொடர்களைக் கணக்கெடுத்து, புரதங்களுள் நூற்றுக்கு 14 உள்மீள்வரவு உடையன என்றும், பற்றீரியா போன்ற எளிய உயிர்களினும் கருவுடைய கலங்களைக் கொண்ட உயிர்களிலே அது மும்மடங்கு எனவும் கூறினர். ஒரு காலத்திற் புறனடையாகக் கருதப்பட்டது பரவலானதொரு வழியென அறியப்பட்டது. புதிதாக ஒன்றை ஆக்குவதினும் உள்ளதை இரட்டித்துத் திருத்துவதே உயிர்களுக்கு எளிதாயிற்றுப் போலும்.

2009 இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பு இவ்வாய்வுக்குப் புதியதொரு திருப்பத்தை அளித்தது. மிளகாய், நெல் முதலிய பயிர்களுக்கு நோய் விளைவிக்கும் பற்றீரியாக்கள் தாவரக் கலத்துள்ளே செலுத்தும் புரதங்களில் 34 அமினோவமிலங்களைக் கொண்ட மீள்கூறுகள் நிரையாக நிற்கின்றன. அவை ஏறக்குறைய எழுத்துக்கெழுத்து ஒத்தவை. 12 ஆம், 13 ஆம் இடங்கள் மட்டும் வேறுபடும். வேறுபடும் அவ்விரண்டு எழுத்துகளே டி.என்.ஏ.யின் எந்த எழுத்தை அம்மீள்கூறு பற்றும் என்பதைத் தீர்மானிக்கின்றன என இரு குழுவினர் தனித்தனியே கண்டனர். போக் முதலானோர் ஒரு குழுவினர், மொஸ்கோவும் பொக்டனோவும் மற்றொரு குழுவினர். பிந்தியோர் இதனைப் பெரும்பாலும் கணிப்பாலேயே நிறுவினர். மீள்வருவதனைச் சரியாக வரையறுத்த பின்னரே மீள்வராதது எது என்பது தெரியவரும். பொருள் அங்கேயே உறைதலும் கூடும்.

2021 இலே தொடரிலிருந்து முப்பரிமாண அமைப்பைக் கணித்துக் கூறும் கணனி முறை பெருவெற்றி பெற்றதன் பின்னர், எழுத்திலே முற்றும் தேய்ந்துபோன மீள்வரவையும் அமைப்பிலே தேடுதல் இயல்வதாயிற்று. எனினும் இரு சுருளிகள் அடுத்தடுத்து ஒரே விதமாக வளைந்திருத்தல் இரட்டிப்பின் எச்சமா, அல்லது அவ்வாறு வளைதலே எளிதென்பதன் விளைவா என்னும் வினா அமைப்பைக் கண்ட பின்னரும் எஞ்சி நிற்கின்றது.

பெரடொட்சின் முதலாக இன்றுவரை கருவிகள் பன்முறை மாறின. துளையட்டை போயிற்று, புள்ளி வரைபடம் அட்டவணைக்கு இடங்கொடுத்தது. மாறாது நின்றது ஒன்றே. தொடரிலே ஓர் ஒழுங்கைக் கண்டவர், அதே எழுத்துகளைக் கலைத்தபோது அவ்வொழுங்கு எத்துணை முறை தோன்றுகின்றது என எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர். எண்ணிய பின்னரும் எஞ்சி நிற்பதற்கே தேவையா வரலாறா என்னும் அடுத்த வினா உரியது. 26 இல் 12 என்பது நிலைத்தமையும், நான்கெழுத்து அடுக்கு ஊகமாகவே நின்றமையும் அவ்வெண்ணுதலின் பயனே. பழஞ்சுவடிகளிலும் மொழிகளிலும் ஒப்புமை காண விழைவோரும் இந்நெறியைக் கைக்கொள்வராயின் அவர்தம் முடிபுகளும் உறுதி பெறும் என்பதில் ஐயமில்லை.